ஊசி தொட்ட வரியும் ரம்பம் தொட்ட வரியும்

கலைகளுள் சேர்த்துச் சேர்த்து உருவாக்குவன சில. கழித்துக் கழித்து உருவாக்குவன சில. ஓவியன் வெற்றுத் துணியின்மீது வண்ணத்தைச் சேர்க்கிறான். சிற்பியோ கல்லிலிருந்து வேண்டாததைக் கழிக்கிறான். கழிக்கும் கலைக்குத் துணிவு மிகுதியாக வேண்டும். சேர்த்ததைத் துடைத்துவிடலாம், கழித்ததை மீட்க இயலாது. ஆகையால் கழிக்கும் கலைஞனை நோக்கி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எதை ஆக்கினாய்?” என்பதன்று, “எதை இழந்து இதை ஆக்கினாய்?” என்பதே.

பழைய வினைல் இசைத்தட்டுகளை நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, மரம், பறவை, மனித முகம், எழுத்து என உருவங்கள் சமைத்து, கண்ணாடிச் சட்டத்துள் அடைத்துச் சுவரில் மாட்டும் கைவினை அண்மைக் காலத்தில் நம்மிடையே பரவி வருகிறது. திருமணப் பரிசாகவும் புதுமனைப் புகுவிழாப் பரிசாகவும் அது கைமாறுகிறது. நம் இல்லங்களிலும் இடம்பிடித்துள்ள இக்கலையை அழகு என்ற அளவுகோலால் மட்டும் அளந்தால் போதுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

பம்மலும் அதன் அண்டையும்

இவ்வாராய்ச்சிக்குப் பம்மலைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூர், நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிப்பிறந்தது. அண்டை ஊரான பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் சந்தையை அறியாதார் தென்சென்னைப் புறநகரில் அரியர். செடி கொடிகள், பழைய மரச்சாமான்கள், பழுதுற்ற கடிகாரங்கள் ஆகியவற்றுக்கு இடையே, உறை கிழிந்த இசைத்தட்டுகளும் அங்கே குவிந்து கிடக்கும். நகரின் நடுவே மூர் மார்க்கெட் இருந்தவரை, பழம்பொருள் தேடுவோர் அங்கே சென்றனர். 1985-இல் அது தீக்கிரையானபின் பல்லாவரம் போன்ற சந்தைகளே அவர்களுக்குப் புகலிடமாயின. ரம்பக் கலைஞனுக்கு மூலப்பொருள் கிடைப்பதும் இத்தகைய குவியல்களில்தான்.

பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரத்துக்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. இது தோல் பதனிடும் தொழில் வேரூன்றிய நிலம். குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. நம் சமுதாயத்தவர் பலர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட தொழில் அது. வெட்டுவது எப்படி, வெட்டாமல் விடுவது எதை என்ற அறிவு இம்மண்ணில் புதிதன்று. இதனை நினைவில் கொண்டே மேலே செல்வோம்.

தட்டின் உடல்

அறுக்கப்படும் பொருளை முதலில் அறிவோம். நம் மூத்தோர் “பிளேட்டு” என்று வழங்கிய பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. அது அரக்கினால் ஆனது. வங்காளம், பீகார்ப் பகுதிக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்தி வார்க்கப்பட்டது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவான காலந்தொட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவின் பாட்டெல்லாம் இவ்வரக்கில்தான் உறைந்தது. அரக்குத் தட்டு கண்ணாடியைப் போல் நொறுங்கும் இயல்பினது. ரம்பம் அதன்மேல் செல்லாது. அதுவே அதற்குப் பாதுகாப்பாகவும் அமைந்தது.

1948-இல் அமெரிக்காவில் அறிமுகமான வினைல் நெடுந்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுழல்வது. அடுத்த ஆண்டில் வந்த சிறுதட்டு 45 முறை சுழல்வது. முன்னதன் விட்டம் 12 அங்குலம், பின்னதன் விட்டம் 7 அங்குலம். வினைல் வளையும், எளிதில் உடையாது, சூட்டில் இளகும். ஆகவே ரம்பத்துக்கு இணங்கும். தட்டின்மேல் படம் வரைந்த தாளை ஒட்டித் துளையிட்டு, வில் போன்ற சட்டத்தில் பூட்டிய மெல்லிய ரம்ப இழையைத் துளைவழியே நுழைத்து, பொறுமையாக அறுக்க வேண்டும். கை விரைந்தால் உராய்வுச் சூட்டில் வினைல் உருகி, அறுத்த வழி பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். விரைவைத் தண்டிக்கும் கலை இது என்று சொன்னால் மிகையன்று.

தட்டின் முகத்தில் ஓடும் வரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குப் பல வட்டங்கள்போல் தோன்றினும், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிதான். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு செல்வது. நெடுந்தட்டின் ஒரு பக்கத்து வரியை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளும். அவ்வளவு தொலைவும் ஊசி நடந்து வந்தே பாட்டை நமக்குத் தந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே வரி அகன்று, கரிய பளபளப்பான வளையமாகத் தெரியும். ஓங்கி ஒலிக்கும் இடங்களில் ஒளி ஒரு வகையாகவும், மெலிந்த இடங்களில் வேறு வகையாகவும் படியும். விளக்கின்கீழ்த் தட்டைப் பிடித்தால் நடுவிலிருந்து விளிம்புவரை விசிறிபோல் ஓர் ஒளிக்கீற்று விரியும். நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். கரும்பலகை, கருந்தாள், கருந்தகரம் எதிலும் இவ்வழகு இல்லை. இசைத்தட்டை அறுப்பதற்குக் கலைவழியில் ஒரு நியாயம் உண்டெனில், அது இவ்வரியும் இவ்வொளியும்தான்.

குறையும் நிறையும்

இந்த அளவுகோலைக் கொண்டு, நாம் கண்ட படைப்புகளை நோக்கினால் பெரும்பாலானவை தேர்ச்சி பெறவில்லை என்றே சொல்ல வேண்டும். நகரத்துக் கோபுரங்களும் கட்டடங்களும் வரிசையாக நிற்கும் நிழலுருவம் ஒன்று. நடிகர் ஒருவரின் பக்கவாட்டு முகம் மற்றொன்று. நடுத்துளையில் கடிகார முள் பொருத்திய வட்டம் வேறொன்று. இவற்றையெல்லாம் கறுப்பு அட்டையில் வெட்டியிருந்தாலும் இதே விளைவுதான் கிட்டியிருக்கும். இசைத்தட்டு இங்கே வெறும் கறுப்புப் பரப்பு. அதன் வரி பேசவில்லை, ஒளி பேசவில்லை. தட்டின் பிறப்பைப் பற்றிய பெருமை மட்டும் விற்பனைச் சொல்லாக மிஞ்சுகிறது. சிலர் தட்டின் இருபுறமும் கருஞ்சாயம் பூசி வரியையே மூடிவிடுகின்றனர். அத்தகையோர் தட்டைத் தேடி அலைந்ததன் காரணம் நமக்கு விளங்கவில்லை.

மறுபுறம், வேறொரு வகையையும் கண்டோம். விளிம்பில் விரிசல் விழுந்து, ஊசி ஏற மறுத்த சிறுதட்டு ஒன்று. செய்தவர் அவ்விரிசலை மறைக்கவில்லை. அதனையே கிளையாகக் கொண்டு, அதிலிருந்து மூன்று இலைகளும் ஒரு மொட்டும் கிளைக்க விட்டிருந்தார். இலைகளின் நரம்பாக ஒலிவரியே நின்றது. பாட்டு முடியும் இடத்து அகன்ற வளையத்தைத் தொடாமல் விட்டதால், அது செடிக்குப் பின்னே எழும் நிலவுபோல் காட்சியளித்தது. தட்டைப் பின்பலகையில் ஒட்டாமல் விரற்கடை உயரத்தில் நிறுத்தியிருந்தமையால், இலைகளின் நிழல் வெள்ளைத்தாளில் மெல்ல விழுந்தது. நடுச்சீட்டில் பாடகர் பெயரும் கவிஞர் பெயரும் அப்படியே இருந்தன. அறுத்தது கொஞ்சம்; அறியச் செய்தது மிகுதி. இதனை நாம் கலை என்போம்.

பம்மல் வட்டாரத்துத் தோல் வெட்டுவோர் அறிந்த நெறி இது. நல்ல வெட்டுகாரர் கத்தியை எடுக்குமுன் தோலைப் படிப்பார். தழும்பு எங்கே, மெலிவு எங்கே, எப்பக்கம் இழுத்தால் நீளும் என்று கைகளால் தடவி அறிந்தபின்னரே அளவுக்கட்டையை வைப்பார். பொருளை முதலில் கேட்டுவிட்டுப் பின்னர் வெட்டுவதே அவர் மரபு. இம்மரபு உழைப்பாளரோடு நின்றதன்று. நம் நூற்கலை வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஹிராத் நகரத்து நூற்கட்டுநர் மெல்லிய தோலைச் சல்லடையெனக் கத்தரித்து, நீலப் பின்னணியின்மேல் பதித்து, நூலட்டையின் உட்புறத்தை அழகுசெய்தனர். உஸ்மானியத் துருக்கியில் தாளைக் கத்தரித்து எழுத்தும் மலரும் படைப்பது தனிக்கலையாகவே வளர்ந்தது. அவர்கள் வெட்டியது நூலை அழிக்கவன்று, நூலைப் போற்றவே. இவ்வொரு வேறுபாட்டை இன்றைய ரம்பக் கலைஞர் மறக்கலாகாது.

எழுத்தை அறுப்பதில் உள்ள சிக்கல்

நம் வீட்டுச் சுவர்களில் உருவப்படங்களைவிட எழுத்துச் சட்டங்களே மிகுதி. ஆகவே, இசைத்தட்டில் எழுத்தை அறுத்துத் தரும்படி கேட்போரும் நம்மிடையே உண்டு. இங்கே கலைஞனின் திறம் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. அறபு எழுத்தில் மீம், வாவ், ஃபா, காஃப் போன்றவற்றுக்குக் கண் உண்டு. பின்புலத்தில் எழுத்தைத் துளையாக அறுத்தால் அக்கண் பிடிப்பின்றிக் கீழே விழுந்துவிடும். எழுத்தையே நிறுத்திப் பின்புலத்தை நீக்கினாலோ புள்ளிகள் விழும். பா, தா, ஸா ஆகிய மூன்றுக்கும் உடல் ஒன்று; புள்ளியே வேறுபாடு. புள்ளி விழுந்தால் சொல் விழுந்தது. தமிழ் ஒலிகளுக்கென அறபு எழுத்துகளில் புதிய புள்ளிகளைச் சேர்த்து அறபுத்தமிழ் கண்ட முன்னோரின் வழிவந்த நாம், ஒரு புள்ளியின் பெறுமதியை அறியாதவர்களல்லர்.

தமிழெழுத்திலும் இதே தொல்லை காத்திருக்கிறது. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிக்கு ஆதாரம் எது? ல, வ, ண, ன ஆகியவற்றின் சுழிக்குள் அடைபட்ட துண்டைத் தாங்குவது எது? ஓலை கிழியும் என்றஞ்சிப் பழைய ஏட்டெழுத்தர் புள்ளியையே விட்டுவிட்டனர். படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். சுவர்ச் சட்டத்துக்கு அச்சலுகை இல்லை. இரண்டு வழிகளே உள. ஒன்று, மெல்லிய பாலங்களால் புள்ளியை எழுத்தோடு பிணைப்பது. மற்றொன்று, ஒலிவரியின் வளைவையே பாலமாக்கி, எழுத்துகள் அனைத்தையும் ஒரே சுருளில் கோத்துவிடுவது. இரண்டாவதே உயர்ந்தது, அரிதும்கூட. புள்ளிகளைத் தனித்தனியே வெட்டிப் பசையால் ஒட்டுவது எளிய வழி. ஆனால் சென்னைப் புழுக்கத்தில் பசை இளகி, ஒருநாள் புள்ளி சட்டத்தின் அடியில் கிடக்கும். சொல் வேறொரு சொல்லாகச் சுவரில் நிற்கும்.

இன்னுமொன்று. எந்தத் தட்டில் எந்தச் சொல் என்பதும் கலைக்குள் அடங்கிய கேள்வியே. நடுச்சீட்டில் கேளிக்கைப் பாட்டொன்றின் பெயர் பளிச்சிட, அதைச் சுற்றித் திருவசனத்தை அறுத்துத் தருவது மரியாதைக் குறைவு மட்டுமன்று. ரசனைக் குறைவும் ஆகும். மூலப்பொருளுக்கும் உருவத்துக்கும் உறவு காணாத கண் எவ்வளவு நுட்பமாக அறுத்தாலும் கைத்தொழிலைத் தாண்டாது.

உலகம் என்ன செய்தது?

இத்துறையில் பிறநாட்டார் செய்தவற்றையும் ஒப்புநோக்குவது பயன் தரும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய சோவியத் நாட்டில், அரசு விலக்கிய பாட்டுகளைக் கேட்க விரும்பியோர் மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி, அவற்றின்மேல் ஒலிவரியைக் கீறி இரகசியமாக விற்றனர். விலா எலும்பும் முதுகெலும்பும் தெரியும் படச்சுருளில் பாட்டு ஒலித்தது. அங்கே தட்டுப்பாடு, படத்தைக் குரலாக்கியது. இங்கோ மலிவு, குரலைப் படமாக்குகிறது! இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நாம் நிற்கும் இடம் விளங்கும்.

செக் நாட்டுக் கலைஞர் மிலான் கினிஷாக் 1960-களில் தட்டுகளை உடைத்தும் கீறியும் வெவ்வேறு துண்டுகளை ஒட்டியும் புதிய ஓசையை உண்டாக்கினார். அமெரிக்காவில் கிறிஸ்டியன் மார்க்லே 1980-களில் பல தட்டுகளின் துண்டுகளை ஒரே வட்டமாக இணைத்தார். அவற்றின்மேல் ஊசி ஏறியது. விட்டு விட்டேனும் ஒலி எழுந்தது. ஸ்பெயின் நாட்டவரான கார்லோஸ் ஐரெஸ் தட்டுகளை நிழலுருவங்களாக வெட்டுபவர். முன்னிருவர் தட்டை அறுத்தபின்னும் அதன் குரலை விட்டுவிடவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. அறுத்தல் அவர்களுக்கு இசையோடு நடத்திய உரையாடல். சுவர் அலங்காரத்துக்கு மட்டும் அறுப்பவர் அவ்வுரையாடலுக்கு வாய்ப்பே தருவதில்லை. அவர் தருவது குரலின் முடிவுரை மட்டுமே.

இழப்பு எவருடையது?

இங்கேதான் நம் விமரிசனத்தின் முதன்மையான கருத்து எழுகிறது. “பழைய தட்டுதானே, வீட்டில் கருவியும் இல்லை, கேட்பாரும் இல்லை, அழகாகவேனும் இருக்கட்டுமே” என்பது பொதுவான வாதம். இவ்வாதம் ஆயிரக்கணக்கில் அச்சாகி, மறுபதிப்பும் கண்ட திரைப்படத் தட்டுக்குப் பொருந்தலாம். எல்லாத் தட்டுக்கும் பொருந்துமா?

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் நிறுவிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் அம்மேடையில் மக்களை உருக்கிய குரல்கள் காற்றோடு போயின. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளம்வயதில் மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. ஆயினும் அவர் குரலை நாம் இன்றும் கேட்கிறோம். எதனால்? இசைத்தட்டுகளாலும், அவற்றை உடையாமல் காத்த வீடுகளாலும்தான். ஒரு தட்டுக்கும் ஒரு மௌனத்துக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே.

நம் இசைமரபை எண்ணிப் பாருங்கள். இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீஃபா (1925–2015) பாடிய தட்டுகள் ஒலிக்காத மீலாது விழாவும் கல்யாணப் பந்தலும் ஒருகாலத்தில் தமிழகத்தில் இருந்தனவா? குழாய் ஒலிபெருக்கியில் அவர் குரல் எழுந்தால், தெருமுனையில் நிற்பவர் எம்மதத்தவராயினும் ஒருகணம் நின்று கேட்டுச் செல்வார். அவருடைய புகழ்பெற்ற பாட்டுகள் பலமுறை மறுபதிவு கண்டன, அவற்றுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒலிநாடா வந்து தட்டை விரட்டிய காலத்தில், பெரும்புகழ் பெறாத பாடகர்களின் சிறுதட்டுகள் நாடாவுக்கும் ஏறவில்லை, குறுந்தட்டுக்கும் ஏறவில்லை. அத்தகைய தட்டு ஏதேனும் ஒரு வீட்டுப் பரணில் உறங்கிக்கொண்டிருந்தால், அது நமக்கு எஞ்சிய ஒற்றைப் படியாகவும் இருக்கலாம். அதன்மீது ரம்பம் விழுந்தால் எஞ்சுவது ஒரு மான்குட்டியின் நிழலுருவம்!

பாடகரின் இழப்போடு கவிஞரின் இழப்பும் சேர்கிறது. புலவர் ஆபிதீன், ஆர். அப்துல் சலாம் போன்றோரின் வரிகளை வாயாரப் பாடும் பலர் அவ்வரிகளை எழுதியவர் பெயரை அறியார். வானொலி சில வேளை சொல்லாமல் விட்ட பெயரைத் தட்டின் நடுச்சீட்டே தாங்கி நிற்கிறது. சீட்டைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில் பதிவெண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். ஆய்வாளர் ஒரு பாட்டின் காலத்தையும் பதிப்பையும் தேர்வது அவ்வெண்ணைக் கொண்டுதான். உறையில் படமும் குறிப்பும் இருக்கும். இவற்றையெல்லாம் குப்பையென ஒதுக்கிவிட்டுக் கரிய வட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோர், நூலின் தாளைக் கிழித்துப் பட்டம் விட்டு அட்டையை எறிபவரை ஒப்பர்.

வீட்டார்க்குச் சில சொற்கள்

ஆகையால், பரணில் தட்டு வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு நாம் கூற விரும்புவன சில. தட்டைக் கலைஞரிடம் தருமுன் நடுச்சீட்டைப் படியுங்கள். சீட்டையும் உறையையும் இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். கருவி உள்ளவரிடம் கொண்டுசென்று ஒருமுறையேனும் ஒலிக்கச் செய்து பதிவு செய்யுங்கள். அரிய தட்டென ஐயம் எழுந்தால் அறிந்தோரிடம் காட்டுங்கள். சென்னைத் தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் நூல்களோடு இசைத்தட்டுகளையும் பேணி வருகிறது. பம்மலிலிருந்து அது நெடுந்தொலைவில் இல்லை. மும்பையில் 1990-இல் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கமும் இப்பணியில் பெயர் பெற்றது. இவ்வளவும் செய்தபின், ஊசி ஏறாத அளவுக்குச் சிதைந்த தட்டு எஞ்சினால், அதனை ரம்பத்துக்குத் தருவதில் பழி ஒன்றுமில்லை, நலமே உண்டு.

வாங்குவோர்க்கும் ஒரு சொல். இயந்திர ஒளிக்கதிரால் வெட்டியதைக் கைவேலை என்று விற்பாருளர். வினைல் என்பது குளோரின் கலந்த பொருள். கதிரின் சூட்டில் அது கரிந்தால் நுரையீரலையும் இயந்திரத்தையும் ஒருங்கே அரிக்கும் அமிலப்புகை எழும். அவ்வேலையைச் செய்யும் இளைஞரின் உடல்நலம் அலங்காரத்தைவிடப் பெரிது. கையால் அறுத்த விளிம்பில் ரம்பப் பல்லின் நுண்தடம் தெரியும். சூட்டில் வெட்டியது விளிம்பில் உருகித் தடித்திருக்கும். விரலால் தடவினாலே வேறுபாடு புலப்படும். வாங்கிய சட்டத்தை மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குள் அடைபட்ட கரிய வினைல் மெல்ல இளகி வளைந்துவிடும்.

கலைஞர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சுருக்கமானது. இறந்த தட்டை எடுங்கள், உயிருள்ளதை விடுங்கள். சீட்டைக் காத்திடுங்கள். வரியை மூடாதீர்கள். சட்டத்தின் பின்புறத்தில், அத்தட்டில் எவர் பாடினார், எவர் எழுதினார், என்ன பாட்டு என்று மூன்று வரி எழுதி வையுங்கள். அம்மூன்று வரி இருந்தால், அச்சட்டத்தைக் கண்ட பிள்ளை, “வாப்பா, இந்தப் பாட்டு எப்படி இருக்கும்?” என்று கேட்கும். கேட்ட பிள்ளைக்குத் தந்தை தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டுவார். குறைந்தது, தாமே பாடிக் காட்டுவார்.

சுவரில் தொங்கும் கரிய வட்டம் வீட்டாரைப் பாட்டின்பால் மீண்டும் அழைத்துச் செல்லுமானால், ரம்பம் தொட்ட வரி ஊசி தொட்ட வரிக்கு வாரிசாகும். அழைக்காத வட்டம், எத்துணை நுட்பமாக அறுக்கப்பட்டிருப்பினும், அலங்காரம் என்ற பெயருக்கு மேல் எதற்கும் உரியதன்று.